மீதியும் பங்கும்

திருமணத் திருப்பலி முடிந்து, மண்டபத்தில் கடைசிப் பந்தியும் எழுந்து, எச்சில் இலைகள் வண்டியேறிய பிறகு பங்கு இல்லத்தின் கதவு தட்டப்படுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. மணி மூன்று இருக்கும். சில நாள்களில் நான்கும் ஆகியிருக்கும். மணமகளின் தந்தையோ தாய்மாமனோ, பட்டுவேட்டியில் சாம்பார்க் கறையும் முகத்தில் பெருங்களைப்புமாக நின்றுகொண்டிருப்பார். "சாமி, ரெண்டு அண்டா சோறு இருக்கு. சாம்பாரும் கூட்டும் அப்படியே கிடக்கு. எந்த இல்லத்துக்கு அனுப்பலாம், சொல்லுங்க" என்பார்.

நல்ல மனத்திலிருந்து எழும் கேள்வி அது. சோறு வீணாகக் கூடாதே என்ற பதைப்பு இன்னும் நம் மக்களிடம் எஞ்சியிருக்கிறது என்பதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்லவே வேண்டும். ஆயினும், பல ஆண்டுகள் இக்கேள்விக்கு முகவரி மட்டும் சொல்லி அனுப்பிவந்த நாம், அதற்குள் வேறொரு கேள்வி மறைந்து கிடப்பதை மிகத் தாமதமாகவே கண்டுகொண்டோம். எங்கே அனுப்பலாம் என்று கேட்கிறோம்; அது யாருடையது என்று கேட்பதில்லை.

நம் தவறு ஒன்றைச் சொல்லாமல் இதைப் பேசுவது முறையாகாது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். பாதுகாவலர் திருவிழாவின் நிறைவு நாளில் அசனம் ஏற்பாடாகியிருந்தது. காலையில் பிடித்த மழை நண்பகல் வரை விடவில்லை. வெளியூர் மக்கள் பாதிப்பேர்கூட வந்து சேரவில்லை. பிற்பகல் நான்கு மணியளவில் நான்கு அண்டாக்களை டெம்போவில் ஏற்றி, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்த முதியோர் இல்லம் ஒன்றுக்கு நாமே உடன் சென்று இறக்கிவைத்தோம். தலைமைச் சகோதரி வாயிலுக்கே வந்து, கைகூப்பி, நன்றி கூறிப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிறு மறையுரையில், நம் பங்குமக்களின் தாராள மனத்தைப் பற்றிப் பெருமையோடு பேசவும் செய்தோம்.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு தியான இல்லத்தில் அச்சகோதரியைச் சந்திக்க நேர்ந்தது. வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். தேநீர் வேளையில் பேச்சு அசனத்தை நோக்கித் திரும்பியபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாம்பார் நுரைச்சுப் போயிருந்தது ஃபாதர். நாங்க பன்னிரண்டு மணிக்கே சமைச்சு எல்லாருக்கும் போட்டாச்சு. தென்னை மரத்தடியில குழிவெட்டிப் புதைச்சோம். சோத்தைப் புதைக்கிறதைப் பார்த்தா பெரியவங்க மனசு தாங்காதுன்னு, அவங்களை ஜெபமாலைக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சுட்டுத்தான் செஞ்சோம். உங்க அண்டாவையெல்லாம் கழுவி முடிக்க இருட்டிப்போச்சு."

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். கொடுப்பவர் மனத்தை நோகச் செய்யலாகாது என்று தங்களுக்குக் கற்பித்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலைத் தியானத்தில் நம் மனம் நிற்கவில்லை. கழிவை அகற்றும் வேலையை ஏழு அருள்சகோதரிகளின் தலையில் சுமத்திவிட்டு, அதை அறச்செயல் என்று பீடத்தின் முன் நின்று நாம் அறிவித்திருந்தோம்.

உணவைப் பற்றிப் பேசத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. மூன்றுக்கும் இடையே நாம் கருதுவதைவிடத் தொலைவு அதிகம். இலையில் உண்டவர் விட்டுச் சென்றது எச்சில். பானையில் யாரும் தொடாமல் எஞ்சியது மீதி. உண்பதற்கு முன்னரே ஒருவருக்கென்று பிரித்துவைக்கப்பட்டது பங்கு. நம் முன்னோர் கிறிஸ்தவ ஊர்ச்சபைக்குப் 'பங்கு' என்று பெயரிட்டபோது எதை மனத்தில் வைத்தார்களோ அறியோம். ஆனால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மீதியைப் பங்கு என்று எண்ணிக்கொள்வதில்தான் நம் சிக்கல் தொடங்குகிறது. அதைவிட மோசமாக, எச்சிலையே மீதி என்று தந்த நெடிய வரலாறு ஒன்றும் இம்மண்ணுக்கு உண்டு.

இந்தி எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் 'ஜூட்டன்'. எச்சில் என்பது அதன் பொருள். ஊரைக் கூட்டித் துப்புரவு செய்யும் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதில் கண்ட திருமணம் ஒன்றை அதில் பதிவு செய்கிறார். நாள்கணக்கில் அத்திருமண வீட்டில் உழைத்த அவருடைய தாய், விருந்து முடியும்வரை கூடையோடு வாயிலில் காத்திருக்கிறார். உண்டவர்களின் இலைத் தட்டுகளில் எஞ்சியதைக் கூடையில் சேர்த்துக்கொள்வது வழக்கம். அன்று அத்தாய் வீட்டுக்காரரிடம், தம் பிள்ளைகளுக்கும் ஒரு இலையில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறார். கூடை நிறைய எச்சில் இருக்கும்போது இன்னும் என்ன வேண்டும், உன் நிலையை மறவாதே என்ற தோரணையில் பதில் வருகிறது. அந்தத் தாய் கூடையை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார்; அதன்பின் அவ்வாசலை மிதிக்கவே இல்லை. 1927-இல் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களிடம், பிறர் எறியும் எச்சிலை இனி ஏற்கக் கூடாதென்று வற்புறுத்தியதன் காரணம் விளங்க, இந்த ஒரு காட்சி போதும்.

இது வடநாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. சலவை செய்தவரும் முடிதிருத்தியவரும் மாலைதோறும் வீடுவீடாக நின்று 'ஊர்ச்சோறு' எடுத்த வழக்கம் நம் பாட்டன்மார் அறிந்ததே. நம் கத்தோலிக்க ஊர்களும் அதற்கு விலக்கல்ல. கோவிலுக்குள்ளேயே இடம் பிரித்து அமர்ந்தவர்கள், பந்தியில் மட்டும் ஒன்றாகவா அமர்ந்திருப்பார்கள்? ஆகவே, மீந்த உணவை ஒருவருக்கு நீட்டும்போது, வாங்குகிறவரின் நினைவில் எத்தனை வாயில்களும் எத்தனை கூடைகளும் இருக்கக்கூடும் என்பதைக் கொடுக்கிறவர் அறிந்திருக்க வேண்டும்.

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் நம்மவர் பன்னிரண்டு கூடைகளையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் வீணாகாதபடி துண்டுகளைச் சேர்த்துவைக்குமாறு ஆண்டவர் சீடர்களைப் பணித்தார் என்பது உண்மையே. ஒன்றுமில்லாமையிலிருந்து ஐயாயிரம் பேருக்கு உணவளிக்க வல்லவர் துணுக்குகளுக்காகக் கவலைப்பட்டார் என்பது வியப்பூட்டும் செய்தியும்கூட. ஆனால் நிகழ்ந்த வரிசையைப் பாருங்கள். முதலில் எல்லாரும் புல்தரையில் அமர்த்தப்பட்டனர். வாயிலில் காத்து நின்றவர் என்று அங்கு ஒருவரும் இல்லை, வாயிலே இல்லை. பகிரப்பட்டது வாற்கோதுமை அப்பம், அதாவது எளியவரின் அப்பம். எல்லாரும் வேண்டிய மட்டும் உண்டு நிறைவடைந்த பின்னரே கூடைகள் வருகின்றன. அக்கூடைகள் பின்னர் எங்கே போயின என்று நற்செய்தியாளர் நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை. மறையுரையாளர்களாகிய நாம்தான் அவற்றை ஏழைகளுக்கு அனுப்பிவைத்துவிட்டோம். நற்செய்தியின்படி ஏழைகள் ஏற்கெனவே உண்டாயிற்று.

பழைய ஏற்பாடு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலில் காணும் சட்டம். அறுத்து, போரடித்து, களஞ்சியம் நிரப்பி, அதன்பின் மிஞ்சியதைக் கொடுங்கள் என்று அச்சட்டம் சொல்லவில்லை. அரிவாள் படாத கதிர் அது. தொடக்கத்திலிருந்தே நிலக்காரருக்கு உரியதன்று. அச்சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை ரூத்து நூலில் காண்கிறோம். வேற்றினத்துக் கைம்பெண்ணான ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்க வருகிறாள். போவாசு தன் ஆள்களிடம், அவளுக்காகக் கட்டுகளிலிருந்தே சில கதிர்களை உருவி விட்டுவிடுமாறு சொல்லிவைக்கிறார். தவறி விழுந்ததோடு அவர் நிறுத்தவில்லை. உணவு வேளையில் அவளை அழைத்து, அறுவடைக்காரர்களோடு அமர்த்தி, வறுத்த தானியத்தைத் தம் கையாலேயே கொடுக்கிறார். அவள் உண்டு நிறைவடைகிறாள். அவளிடமும் கொஞ்சம் மீதியாகிறது. அதை மாலையில் மாமியார் நகோமிக்கு எடுத்துச் செல்கிறாள். அந்த மாலையில் தானும் ஒருவருக்குக் கொடுக்கக்கூடியவள் என்ற மதிப்போடு அவள் வீடு திரும்பியிருப்பாள் என்று நாம் பலமுறை எண்ணிப்பார்த்ததுண்டு.

மலாக்கி இறைவாக்கினரோ நேரடியாகவே உறுத்துகிறார். குருடும் முடமுமான விலங்கைப் பீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை நோக்கி, அதை உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்வாரா என்று கேட்கிறார். பசித்தவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று ஆண்டவர் மொழிந்ததை நம்புகிற நமக்கு, மாலை நான்கு மணிச் சாம்பாரைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வி தேவையில்லை.

கொரிந்து நகரத்துத் திருச்சபையில் நடந்ததும் இதுவே. கூடி உண்ண வந்த இடத்தில் வசதியுள்ளோர் முந்தி உண்டு மயங்கியிருக்க, மற்றவர் பசியோடு நின்றனர். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுலடியார் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாற்றைக் கூறும் மிகப் பழைய எழுத்துச் சான்று, இந்தச் சாப்பாட்டுத் தகராற்றின் நடுவில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குருவாகிய நாம் நன்மை வழங்கி முடித்ததும் அப்பத் தட்டில் ஒட்டிய சிறு துகளையும் விரலால் துடைத்துக் கிண்ணத்தில் சேர்க்கிறோம். அதே கைகளைக் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், பாதி உண்ட இலைகளின் வரிசைக்கு நடுவே வாழ்த்துரை வழங்கிவிட்டு வருகிறோம்.

திருச்சபையின் தந்தையரும் மறைவல்லுநரும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. களஞ்சியத்தில் பூட்டிவைத்த தானியம் பசித்தவருடையது என்று 4-ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் போதித்தார். தேவைக்கு மிஞ்சி ஒருவரிடம் இருப்பது இயற்கைச் சட்டத்தின்படியே ஏழையைத் தாங்குவதற்கு உரியது என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் நிறுவினார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது தேர்வுக்கான விடையாகவே நமக்குத் தோன்றியது. இதன் விளைவு பெரிது: மிஞ்சியது ஏழையுடையதென்றால், அதைக் கொடுப்பவர் கடனைத் தீர்க்கிறார், நன்றி எதிர்பார்க்க அவருக்கு உரிமையில்லை. கடனைத் தீர்ப்பவர் கெட்டுப்போன காசைக் கொடுக்கவும் கூடாது.

இவற்றை ஒருமுறை வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "சாமி, பசிச்ச வயிறு இது முதல் சோறா கடைசிச் சோறான்னு கேட்குமா?" நியாயமான கேள்வி. கேட்காது. கொடுப்பவரின் உள்ளம் தூயதாகும்வரை அண்டாவில் இருக்கும் நல்ல சோறு காத்திராது. ஆகவே, சூடாக, நல்ல நிலையில் மீந்த உணவு இருக்குமானால், இந்தத் தத்துவமெல்லாம் பேசிக்கொண்டு நிற்காமல் உடனே வண்டியில் ஏற்றுங்கள் என்றே அவரிடம் சொன்னோம். கோவையில் 2014-இல் தொடங்கப்பட்ட 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் மண்டபங்களில் மீந்ததைப் பெற்றுப் பசித்தவர்களிடம் சேர்த்துவருவதை நாம் பெரிதும் மதிக்கிறோம். நம் கேள்வி அண்டா காலியாவதற்கு முன்னதாக, அடுப்பு மூட்டுவதற்கும் முன்னதாக எழ வேண்டியது.

ஏனெனில் கொடுப்பது எளிதாக எளிதாக, மிகுதியாகச் சமைக்க நமக்குத் துணிச்சல் கூடுகிறது. சென்ற ஆண்டு மகனின் திருமணத்துக்கு ஓலை எழுத வந்த ஒரு பெரியவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "நூறு இலை கூடவே சொல்லியிருக்கேன் சாமி. மீந்தா இல்லத்துக்குப் போகட்டுமே." அப்படியானால் அந்த நூறு இலையையும் பன்னிரண்டு மணிக்கே இல்லத்துக்கு அனுப்பிவிடலாமே என்றோம். அவர் சற்றுத் திகைத்துப்போய், "அது வேற சாமி" என்றார். என்ன வேறுபாடு என்று கேட்டோம். அவரால் சொல்ல இயலவில்லை. சொல்லவேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்தியதும் நமக்குச் சரியெனப் படவில்லை. நல்ல மனிதர். ஆனால் வேறுபாடு எது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அந்த நூறு இலையும் பற்றாக்குறை வந்துவிடுமோ என்ற அச்சத்துக்காக. அச்சம் தீர்ந்த பிறகே அது ஏழைக்கு.

அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அதை முதலில் கவனித்தவர் அன்னை மரியா. விருந்துவைத்த வீட்டின் தலைகுனிவை அவர் அற்பமாக எண்ணவில்லை. 'கலியாண வீட்டில் சோறு பற்றவில்லை' என்ற சொல் நம் ஊர்களில் மூன்று தலைமுறைக்குத் தங்கும். கானாவிலே ஆறு கற்சாடிகள் நிரம்பி வழிந்தனவே, ஆண்டவரே மிகுதியை விரும்பினாரே என்று வாதிடுவோரும் உண்டு. உண்மைதான், கிறிஸ்தவ விருந்து கணக்கு நோட்டைப் பிடித்துக்கொண்டு பரிமாறுவதன்று. ஆனால் இரசம் வைத்திருந்தால் கெடாது. சாம்பார் கெடும்.

அச்சத்தைத் தணிக்க வழிகள் உள்ளன. சமையற்காரர்களுக்கு அவை நன்றாகத் தெரியும், கேட்பவர்தான் இல்லை. நாற்பது ஆண்டுகளாக இத்தொழிலில் உள்ள ஒருவர் நம்மிடம் சொன்னவை இவை. முழு அரிசியையும் ஒரே நேரத்தில் வேகவைக்க வேண்டியதில்லை. பாதியை வடித்துவிட்டு, முதல் பந்தியின் தலைகளை எண்ணிப்பார்த்து, பிறகு அடுத்த உலையில் அரிசி போடலாம். களைந்து ஊறவைக்காத அரிசியும் நறுக்காத காயும் நாளைக்கும் உதவும். கடைக்காரர் மூட்டை பிரிக்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆனால் இலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசுவதால், இலை குறைந்தால் வருமானம் குறையும் என்று கேட்டரிங்காரர் எண்ணுகிறார். இலை கூடினால் பெருமை கூடும் என்று வீட்டுக்காரர் எண்ணுகிறார். இருவருக்கும் நடுவில் சோறு பொங்குகிறது.

பந்தி முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆள் அமர்ந்த பிறகு, வாளியும் கரண்டியுமாக ஒருவர் முன்னே நின்று, வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறினார். இப்போது நேரம் மிச்சம் என்று, ஆள் வருமுன்னரே பதினெட்டு வகையும் இலையில் ஏறிவிடுகின்றன. நீரிழிவுக்காரர் இனிப்பைத் தொடமாட்டார். குழந்தை கத்தரிக்காயைத் தொடாது. அதோடு, உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் சாய்மானத்தில் கைவைத்துக் காத்து நிற்கிறார். பின்னால் ஒருவர் மூச்சு விட, முன்னால் யாரால் இலையை முடிக்க முடியும்? பாதி உணவு பசியின்மையால் அல்ல, நாணத்தால் வீணாகிறது என்பது நம் எண்ணம்.

மண்டபங்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகெங்கும் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகிய மூன்றிலும் சேர்த்து வீணானது, தோலும் எலும்பும் உட்பட, ஏறத்தாழ 105 கோடி டன். அதில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு. உணவகம், விருந்து முதலிய உணவுச் சேவைகளின் பங்கு 28 விழுக்காடு. மண்டபத்துக் குப்பைத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசை தெரிவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று பொது மறைக்கல்வி உரையில், உணவை எறிவதை ஏழையின் மேசையிலிருந்து திருடுவதோடு ஒப்பிட்டுப் பேசினார். எஞ்சிய உணவை வீசாமல் காத்த நம் பாட்டிமாரின் பழக்கத்தையும் அன்று அவர் நினைவூட்டினார். பிடியரிசிக் கலயம் வைத்திருந்த நம் பாட்டிமாருக்கு அவ்வுரை தேவைப்பட்டிராது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார்கள். சமைத்து மிஞ்சியதை அதில் போடவில்லை.

கொடுப்பதென்று முடிவான பிறகு கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும்; நல்லெண்ணம் நஞ்சை முறிக்காது. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி, 5 பாகைக்கு மேலே நிற்கும் நேரமெல்லாம் கிருமிகள் பெருகும் நேரம். நம் கடலோர வெயிலில் அது மிக விரைவு. சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு அழிவதில்லை. பெரிய அண்டாவின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும் என்பதால், உடனே அனுப்ப இயலாத சோற்றை அகன்ற தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிரில் வைக்க வேண்டும். தேங்காய் அரைத்த கூட்டும் அவியலும் சட்டினியும் முதலில் கெடுபவை. பருப்புச் சாம்பார் அடுத்தது. புளிக்குழம்பு சற்றுத் தாங்கும். மோந்து பார்த்து நல்லது என்று முடிவு செய்வது போதாது. உண்ணப்போகிறவர்கள் முதியவரும் குழந்தைகளும் என்றால், நம் வயிறு தாங்குவதை அவர்கள் வயிறு தாங்குமென்று எண்ணலாகாது. மீந்த உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. பங்குப் பேரவைகள் அவற்றை ஒருமுறையாவது வாசித்தல் நலம்.

இவற்றைவிட முக்கியமானதை நமக்குக் கற்பித்தவர், இப்போதைய நம் பங்குக்கு அருகிலுள்ள இல்லத்துச் சகோதரி. "எத்தனை பேருக்கு வரும்னு முந்தின நாளே சொல்லிடுங்க ஃபாதர். நாங்க அன்னிக்கு உலை வைக்கமாட்டோம். சொல்லாம வந்தா எங்க சோறுதான் வீணாகும்" என்றார். மீதியை முந்தின நாளே எப்படிச் சொல்ல முடியும்? பங்கை மட்டுமே முன்கூட்டிச் சொல்ல முடியும்.

ஆகவே சென்ற திருவிழாவில் இல்லத்தின் 62 பேரையும் அசனக் கணக்கில் முதலிலேயே சேர்த்தோம். பங்குப் பேரவையில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. புனிதரின் பந்தி தொடங்குமுன் சோறு வெளியே போவது முறையா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருந்தினார். அவர் மனம் நோகாதபடி பத்தரை மணிக்கே உணவை மந்திரித்து, முதல் அண்டாவை அவர் கையாலேயே வண்டியில் ஏற்றச் செய்தோம். முதல் பந்தியில் இலை எடுப்பவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும் அமர வேண்டும் என்றும் அறிவித்திருந்தோம். ஆறு பேர் அமர்ந்தனர். வயதான இரண்டு அம்மாக்கள் எவ்வளவு சொல்லியும் அமரவில்லை. "நாங்க பெறகு சாப்பிட்டுக்கிறோம் சாமி, நீங்க போங்க" என்று சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். கையைப் பிடித்து அமர்த்துவதா, அவர்கள் விருப்பத்துக்கு விடுவதா என்று நமக்கு விளங்கவில்லை; விட்டுவிட்டோம். இப்போதும் அது சரியா என்று தெரியவில்லை. எத்தனை ஆண்டுப் பழக்கம் அவர்களை அச்சுவரோரம் நிறுத்தியிருந்தது என்பதை மட்டும் அறிவோம்.

கடைசியில் ஒரு வாளிச் சோறும் கொஞ்சம் பாயசமும் மீந்தன. அவற்றைப் பந்தல்காரர்கள் இரவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மாலை ஆறு மணிக்கு இல்லத்திலிருந்து அண்டா திரும்பி வந்தது. துலக்கிப் பளபளவென்றிருந்த அதனுள், வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாதென்று, தங்கள் தோட்டத்து முருங்கைக்கீரையை ஒரு கட்டு வைத்திருந்தார்கள். இல்லத்துப் பாட்டி ஒருவர் உருவித் தந்ததாம். சமையற்காரம்மா அன்றிரவு அதைத்தான் பொரியல் செய்தார்.